அண்ணனிடம் மிஞ்சிய சொல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை எடுக்காவிட்டாலும் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பக்கவாதம் வந்த பிறகு உன் அண்ணனுக்கு நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. தைத்துக்கொண்டே ஓயாமல் கதை அளந்த மனிதருக்கு மிஞ்சியது ஒரே சொல்: "காஜா." சட்டைக்குப் பொத்தான் துளை எடுப்போமே, அதேதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் காஜா, சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் காஜா. இழுத்துச் சொன்னால் முதுகு அரிக்கிறது. வெடுக்கென்று சொன்னால் என்மேல் கோபம். நேற்று நான் தலைவலியோடு படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து மெல்ல ஒரு காஜா சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதே இல்லை, போ.

கடை பூட்டியே கிடக்கிறது. அதில் பாதி உன்னுடையது. என்ன செய்யலாம், எழுது.

உன் அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

படித்ததும் கை கால் ஓடவில்லை. ஆனால் நான் வந்து என்ன ஆகப்போகிறது? ரெடிமேட் கம்பெனி வேலைக்கு நான் கிளம்பிய அன்று, வாய் நன்றாக இருந்த காலத்திலேயே, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷினை விட்டு நிமிரக்கூட இல்லை. அது இன்னும் ஆறவில்லை அண்ணி.

கடையை விற்றுவிடுங்கள். அண்ணனை மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டி, "வித்துடலாமாங்க?" என்று கேட்டேன். கடிதத்தைப் பிடுங்கி, மடியில் வைத்து நாலாக மடித்தார். சுவரைப் பார்த்தபடியே, நல்ல கையால் அதைத் தோளுக்குப் பின்னால் நீட்டி "காஜா" என்றார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் காஜாவும் இல்லை அது. கடிதத்தை வாங்கிக்கொண்டேன். அப்புறமும் அவர் கையை இறக்கவே இல்லை.

டாக்டரிடம் சொன்னால், "அர்த்தம் தேடாதீங்கம்மா, நாக்குக்கு அது ஒண்ணுதான் வருது" என்கிறார். இருக்கலாம். சம்மதம் என்று எழுதினாலும் பொய், இல்லை என்று எழுதினாலும் பொய். நான் என்ன எழுதட்டும்?

உன் அண்ணி

ஏப்ரல் 15

அண்ணி,

அந்தக் காஜா எனக்குத் தெரியும். கடையில் நான் அவருக்கு முதுகுப் பக்கம் ஸ்டூலில் காஜா எடுத்தபடி உட்கார்ந்திருப்பேன். தன் வேலை முடிந்ததும் சட்டையை மடித்து, திரும்பிப் பார்க்காமல் அப்படித்தான் நீட்டுவார். இனி உன் வேலைதான் பாக்கி என்று அர்த்தம். நான் வாங்கும்வரை கையை இறக்க மாட்டார்.

கடையை விற்க வேண்டாம். டிக்கெட் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லாதீர்கள். அதற்குள் மறுபடியும் கையை நீட்டினால் நீங்கள் வாங்காதீர்கள் அண்ணி. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி