மூடுபனியில் நான் பிடித்த வழி

கூடப் பிறவாத அண்ணன், அன்பு சுலைமான் நானாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பண்டாரவளையில் உங்கள் புடவைக் கடையை மதினியின் தம்பி பார்த்துக்கொள்கிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

நேற்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை, கையில் வெட்டுக்காயத்தோடு நான் மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். யுத்தத்தில் ஆகாய விமானம் ஓட்டியவர். கட்டுப் போடும்போது பேச்சுக்காகக் கேட்டேன்: "மேல மேகத்துக்குள்ள வழி தவறிட்டா என்னங்க தொரை செய்வீங்க?"

"வழி தவறிடிச்சின்னு மொதல்ல ஒத்துக்கணும் மருந்தையா. அதுதான் கஷ்டம். இன்னும் கொஞ்சம் போனா தெரிஞ்சிடும்னு போறவன்தான் சாவுறான்."

மலைப் பக்கத்தில் மேகத்துக்குள் கீழே இறங்கவே கூடாதாம். உயர ஏற வேண்டும். கண்டபடி சுற்றாமல் திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையில் போக வேண்டும். ஆறோ ரயில் பாதையோ தென்பட்டால் அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால், பெட்ரோல் தீருமுன், வெளிச்சம் இருக்கும்போதே சமதரையில் இறங்கி, அங்குள்ளவர்களிடம் வழி கேட்க வேண்டும்.

"கேக்க வெக்கப்பட்டே என் சினேகிதன் ஒருத்தன் செத்தான்" என்றார். நான் துணியை இறுக்கிவிட்டேன் போல. முகம் சுளித்தார்.

நீங்கள் போன அன்று ஹல்துமுல்லையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு நான் மருந்துப் பெட்டியோடும் நீங்கள் துணி மூட்டையோடும் ஏறி வந்தோம். பாதி மலையில் பனி மூடியது. ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கீழே இறங்கும் பாதையைக் காட்டினேன். ஓடைச் சத்தம் கேட்கிறது, அது எங்கள் தோட்டத்து ஓடை என்றேன்.

"தம்பி, நமக்கு வழி தவறிட்டுது. பனி விலகுமட்டும் இங்கினயே நிப்பம்" என்றீர்கள்.

"இந்த மலையில பொறந்தவன் நான். பேசாம வாங்க நானா!"

வந்தீர்கள். எனக்குப் பின்னால் வந்த காலடிச் சத்தம் எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்பிக் கூப்பிட்டேன். பாறை விளிம்பில் மூட்டை மட்டும் கிடந்தது. ஏன் என்னோடு வந்தீர்கள் நானா? என்னைத் தனியே விட மனம் வரவில்லையா?

கீழே பள்ளத்திலிருந்து உங்கள் உடலை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "நானாதான் அவசரப்பட்டு எறங்கினாரு" என்றேன். அந்த நிமிஷம் வாயில் வந்தது அது. மதினி நம்பிவிட்டார். போன மாதம் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, படியில் ஓடிய சின்னவளை அதட்டினார்: "வாப்பா மாதிரி அவசரப்படாத!" கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை பண்டாரவளைக்குப் போகிறேன். மதினியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, நீங்கள் நிற்கச் சொன்னதையும் நான் கேளாமல் நடந்ததையும் சொல்வேன். பிறகு அந்த வாசலை நான் மிதிக்க முடியாமல் போகலாம். ஆனாலும் சொல்லாமல் திரும்ப மாட்டேன் நானா, இது சத்தியம்.

நீங்கள் கடைசிவரை தம்பி என்றே கூப்பிட்ட
வேலாயுதம்