கடன்காரி தேறிவிட்டாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். குழாய் ரிப்பேருக்கு ஆள் எதற்கு என்று அப்பா தானே இறங்கினார், முன்பு ஒரு குழாய் ஒழுகியது, இப்போது இரண்டு ஒழுகுகின்றன. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, தலைகால் புரியாமல் திரிகிறான். நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே.

என் வகுப்பில் கடன்காரி என்று ஒருத்தி இருந்தாள், உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்குவாள், அங்கே ஒன்றைக் குறைக்க மட்டும் மறந்துவிடுவாள். வாங்கத் தெரியுது, குறைக்கத் தெரியலையேடி கடன்காரி என்று நான் திட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பாதி ஆண்டில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது மதிப்பெண் எல்லாம் ஆன்லைனில்தான் போடுகிறோம். ஒரு பிள்ளையின் கட்டத்தை வெறுமையாக விட்டால், உங்கள் மகள் தேர்வு எழுதவில்லை, கவனிக்கவும் என்று வீட்டுக்குத் தானாகச் செய்தி போய்விடும். பதிவிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லிப் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். பெத்தவங்க எழுதிக் கொடுக்கணும் டீச்சர், நீங்க போய்க் கேக்குறீங்களா என்றார் கிளார்க். எந்த முகத்தோடு போய்க் கேட்பேன். அந்தச் செய்தி மட்டும் அந்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று, அடுத்து வந்த தேர்வுக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டேன். மதிப்பெண்ணை அவர்களாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும், அங்கே யார் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த தேர்வில் குத்துமதிப்பாகப் போட மனசு வரவில்லை. வினாத்தாளை எடுத்துக்கொண்டு, இதில் எங்கே கடன் வாங்குவாள், எங்கே மறப்பாள் என்று அவளாகவே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அதுவே பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பார்த்தால் அவளைப் போலவே ஏழுக்குக் குறுக்கே கோடு இழுத்திருக்கிறேன், நான் அப்படி எழுதுகிறவளே இல்லை. பாடம் நடத்தும்போது அவள் உட்கார்ந்திருந்த காலி இடத்தைப் பார்த்துப் புரிஞ்சுதா என்கிறேன், பிள்ளைகள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இதைவிட ஒன்று, சொன்னால் நீ பயந்துவிடுவாய். போகப் போக அவள் குறைக்க மறப்பதே இல்லை. நான் வேண்டுமென்றே மறக்கப் பார்த்தாலும் கை சரியாகப் போட்டுவிடுகிறது.

போன வாரம் அவள் அம்மா வந்தார். தையல் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. போனை நீட்டினார். நான் போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பார்த்திருக்கிறார். எனக்குக் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அவரோ, கழித்தல் இப்ப நல்லா போடுறா போல டீச்சர் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுத் தேர்வுல அவளப் பெயிலாக்கிடுங்க, மேல் வகுப்புக்குப் போனா அந்த டீச்சருக்கு இவளத் தெரியாது, பேரை எடுக்க எங்கிட்ட எழுதி வாங்கிருவாங்க, உங்ககிட்டயே இருக்கட்டும் என்றார்.

ஆண்டுத் தேர்வுத் தாளையும் அவளாக இருந்து போட்டேன். தேறிவிட்டாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். எத்தனை முறை கூட்டினாலும் தேறுகிறாள். முதல் முறையாகப் பிள்ளை தன் முயற்சியில் மேலே ஏறியிருக்கிறாள், அதைப் பிடுங்குவதா, இல்லை பெற்றவளிடம் முடியாது என்று சொல்வதா என்று தவித்துப்போனேன். அப்பாவிடம் சொன்னேன். இல்லாத பிள்ளைக்குப் பாஸ் என்ன பெயில் என்ன, உனக்கு என்ன ஆச்சு என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நேற்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பெயில் மதிப்பெண்ணை அடித்தேன். மன்னிச்சுக்கடி கடன்காரி என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், பக்கத்திலிருந்த அறிவியல் டீச்சர் திரும்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தியதும் அந்த வீட்டுக்குச் செய்தி போனது. உங்கள் மகள் அடுத்த ஆண்டும் இதே வகுப்பில் தொடர்வாள் என்று. கொஞ்ச நேரத்தில் ரொம்ப நன்றி டீச்சர் என்று பதில் வந்தது.

தம்பியிடம் இதைச் சொல்லாதே, அவன் கேலி செய்வான். நீ மட்டும் எனக்கு ஒரு யோசனை சொல், புதுப் பிள்ளைகள் வந்ததும் அந்த இடத்தில் யாரையாவது உட்காரவைக்கலாமா. எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் நன்றாயிரு. கடிதம் கிடைத்ததும் போன் செய், நான் ஒன்றும் பேசாவிட்டாலும் நீ வைத்துவிடாமல் பேசிக்கொண்டே இரு.

என்றும் உன் நினைவாக,
அம்மா