பார்த்துக் கற்பவள்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. கொடியில் காய்ந்த வெள்ளைப் புடவையெல்லாம் சுரங்கத்துக் கரித்தூள். மறுபடி அலசல்.

சனிக்கிழமை பயிற்சியில் சொன்னபடி என் நாலாம் வகுப்பை மூன்றாகப் பிரித்தாயிற்று. பார்த்துக் கற்பவர் (பா), கேட்டுக் கற்பவர் (கே), செய்து கற்பவர் (செ). "எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி நடத்தாதீங்க" என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்தது அதைத்தான். கொஞ்சம் வெட்கம்.

வாங்க: சார்ட் 6, ஸ்கெட்ச், களிமண், இருமல் மருந்து.

யோசிக்காமல் பிரித்தது பவித்ராவைத்தான். முதல் பெஞ்சு. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். டிக்டேஷன் என்றால் பக்கத்து நோட்டைப் பார்ப்பாள். படம் போட்டால் கப்பென்று பிடித்துக்கொள்வாள். சந்தேகமே இல்லை, பா.

ஜூலை 17, வியாழன்

எச்.எம். வந்து உட்கார்ந்தார். பவித்ராவை எழுப்பி, சார்ட்டைக் காட்டி, மழை எப்படி வருகிறது என்று கேட்டேன். கடகடவென்று சொன்னாள். "நல்ல மாற்றங்க மேடம்" என்றார். உள்ளுக்குள் ஒரே குஷி.

போன வருஷம் மூன்றாவதிலும் இவள் என் வகுப்புதான். பதிவேட்டில் அப்போது நான் எழுதியது: கவனம் இல்லை. இன்று பக்கத்திலேயே எழுதினேன்: பார்த்துக் கற்பவள், பட அட்டை தரவும். காரணம் கண்டுபிடித்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு செகண்ட் ஷிப்ட். நேற்றைய குழம்பே போதும்.

ஜூலை 22, செவ்வாய்

சளி, இருமல். கைக்குட்டையை வாயில் பொத்தியபடியே பாடம். வாய்க்கணக்கு பத்து. பவித்ரா பூஜ்யம். எப்போதும் ஏழு மார்க்காவது வாங்குகிறவள்.

"என்னடி, தூங்கறியா?" கத்தினேன். திருதிருவென்று விழித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

கைக்குட்டையை எடுத்துவிட்டு, "ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு டீச்சர்."

மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு, "ஆறேழு?" கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவு நாளும் என் உதட்டைத்தான் படித்திருக்கிறாள். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 23, புதன்

சொல்லியனுப்பியதும் பவித்ராவின் அம்மா வந்தார். அப்பாவுக்கு மந்தாரக்குப்பத்தில் லாரிப் பட்டறை வேலை. தகடு அடித்து அடித்து அவருக்கே காது மந்தமாம்.

"எங்க வூட்ல எல்லாரும் கத்திகினுதாங்க டீச்சர் பேசுவோம். டிவியும் அலறிகினுதான் கெடக்கும். இவளுக்குக் கேக்கலன்னு தெரியவே இல்லீங்க."

பிறகு அவரே, "நீங்க தெனம் பாத்துகினு இருக்கீங்க. உங்களுக்குமா தெரியலீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அதற்கு ஒரு பேர் வைத்து, பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தேன் என்றா சொல்வேன்?

இன்று யாரையும் திட்டவில்லை. யாரையும் பாராட்டவும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. சி.எல். லீவு போட்டுவிட்டு அம்மா, மகளோடு கடலூர். காது டாக்டர். ஹெட்போன் மாட்டிச் சோதனை. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ரொம்ப நேரம் கை மடியிலேயே கிடந்தது.

இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. உள்ளே சீழ். "போன வருஷமே வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது. இனிமே காதுல மெஷின்தான்." டாக்டர் எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சொன்னதாகவே பட்டது.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மா அசதியில் தூங்கிப்போனார். பவித்ரா என் கையைச் சுரண்டினாள்.

"டீச்சர், நீங்க போர்டு பக்கம் திரும்பிகினு பேசறீங்கல்ல, அது மத்தவங்களுக்குக் கேக்குமா?"

அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னேன், "கேக்கும்."

"எல்லாருக்குமா?"