மச்சாளின் பெயர்

ஆவணி, வெள்ளி இரவு

மயிலிட்டியிலிருந்து செல்வராணி அக்கா இன்று பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். மீள்குடியேறிய மீனவக் குடும்பங்களைப் பற்றிய என் புத்தகத்தில், இடிந்த வீட்டுக்கு முதல் ஆளாகத் திரும்பி வந்து அடுப்பு மூட்டியவர் அவர்தான். வழக்கம்போல் பெயரை மாற்றி, 'புவனேஸ்வரி' என்று எழுதியிருந்தேன்.

"புவனேஸ்வரி என்ரை மச்சாள், சேர். எங்களுக்குள்ளை கன வருசமாக் கதை பேச்சில்லை."

ஆய்வு நெறிமுறை படிப்பிக்கிற பேராசிரியர் நான். அந்தப் பெயரில் ஊரில் யாரும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அடுத்த பதிப்பிலை மாத்திவிடுறன் அக்கா."

"வேண்டாம். நான் சொல்லித்தான் தன்ரை பேரைப் போட்டனீங்கள் எண்டு நினைச்சு, போன கிழமை நண்டுக் கறியோடை வீட்டை வந்தவள். இப்ப பின்னேரத்திலை ஒண்டாத்தான் தேத்தண்ணி குடிக்கிறம். அந்தப் பேரை மாத்திப்போடாதேங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்."

வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். நான் எழுதியது ஒரு வீட்டுக்கு நண்டுக் கறி கொண்டுபோயிருக்கிறது.

புவனேஸ்வரி இன்னும் முதல் அத்தியாயத்தில்தான் நிற்கிறாராம். மச்சாளை அக்கா திட்டியதை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன்.

மெதுவாகவே வாசிக்கட்டும்.