தும்மலோடு போன நூறு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் வரை தினமும் காலையில் எழுந்ததும் தும்மிக்கொண்டே இருந்தேன். பயப்படாதே, நின்றுவிட்டது. நான் தும்மும்போதெல்லாம், என் அறையில் இருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் உன்னைப் போலவே "நூறு ஆயுசு" என்பார். ஒருநாள், "பன்னெண்டு தும்மல், ஆயிரத்து எரநூறு வயசுடா! இதுக்கு மேல தாங்காது" என்று டாக்டரிடம் இழுத்துப் போனார். எல்லாம் படுக்கைத் தூசி என்றார் டாக்டர். அண்ணனே என் விரிப்பையும் தலையணை உறையையும் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து, பழைய கம்பளத்தையும் தூக்கிப் போட்டார். நன்றி சொன்னால், "போடா, என் தூக்கத்துக்குப் பண்ணேன்" என்கிறார்.

மாற்றிப் போட இரண்டு பருத்தி உறை தைத்து அனுப்பு.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. தும்மலோடு அந்த "நூறு ஆயுசு"ம் நின்றுவிட்டது அம்மா. அடுத்த போனில் பொய்யாகத் தும்முவேன்; தெரியாத மாதிரி சொல்லிவிடு.

உன் மகன்