டாக்டர் அவரிடம் சொன்னது

12-8-86, செவ்வாய்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இவருடன் சேலத்து டாக்டரிடம் போனேன். மூன்றாவது பிரசவத்திலிருந்து இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசிகிறது. வகுப்பில் உரக்கப் பாடம் நடத்தவே பயம். ஆபரேஷன் செய்தால் நிற்கும் என்றார் டாக்டர். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவரிடம் கால் மணி நேரம் விளக்கினார்.

பஸ்ஸில் கேட்டேன். "இதையெல்லாம் பஸ்ஸுல பேசறதா? வூட்டுக்கு வா" என்றார். காரிமங்கலம் வந்து, சாப்பாடு போட்டபின் மறுபடி கேட்டேன்.

"வயித்துலருந்து ஒரு பட்டை சதை எடுத்து, மூத்திரப் பைக்கு அடியில தூளி மாதிரி கட்டுவாங்களாம். உனக்கெதுக்கு அதெல்லாம்? நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அறுக்கறது என் வயித்தைத்தானுங்க?"

கை கழுவ எழுந்துவிட்டார்.

எத்தனை நாள் படுக்க வேண்டும், மறுபடி கசியுமா, எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை தனியாகப் போய் டாக்டரையே கேட்கப்போகிறேன். கேள்விகளை எழுதிக்கொள்ள உட்கார்ந்தேன். பதினாறு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். உடம்பின் அந்த இடத்துக்கு, ஓர் ஆண் டாக்டர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு சொல் அகப்படவில்லை. நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன்.