கத்தி முனையில் கரி

கொளஞ்சிநாதன் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினார். மனைவி அமிர்தவல்லி வயலுக்குப் போயிருந்தாள். அவருக்கு அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“அமிர்தம், சோறு வடிச்சு வெங்காயக் குழம்பு வச்சிருக்கேன். கார் பாக்க பெரம்பலூர்லேருந்து ஆள் வந்தா, விக்கலைன்னு சொல்லிடு.”

இறந்துபோன மகன் தமிழழகன் வேறு கார்புரேட்டர் மாட்டி உறுமவிட்ட பழைய மாருதி அது. அந்த இரைச்சலை வைத்தே, அவன் தெருமுனைக்கு வந்துவிட்டதை அமிர்தவல்லி சொல்லிவிடுவாள். இப்போது மெக்கானிக் டைமிங்கைச் சரிசெய்து, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகமான ஐடிலிங்கையும் இறக்கி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் ரேஸ் ஏறி உறுமியே நிற்கும். ஹோஸ், கேபிள் எல்லாம் மாற்றியாயிற்று.

“அவன்தாங்க வந்து உக்காந்திருக்கான்” என்றாள் நேற்றும். கொளஞ்சிநாதன் எரிந்து விழுந்தார். காரை விற்கப்போவதாகச் சொன்னார்.

இன்று காலை வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தால், முனை வளைந்து கரி படிந்திருந்தது. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஐடிலிங் திருகின் தலையில் புதுக் கீறல்கள்.

“கத்தி வேணாம், வழுக்குனா கையை வெட்டிடும். சின்ன ஸ்க்ரூ டிரைவரை அடுப்பு மேடையில வச்சிருக்கேன். ஷெட்டு கதவைத் தொறந்துட்டு ஸ்டார்ட் பண்ணு, பொகை அடையும்.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினார்.

“அவன் வச்சிருந்த சத்தம் இது இல்ல. இன்னும் கால் திருகு வேணும்.”